மி. தினை

சண்முகவடிவின் அழுங்கு அவளோடு விக்கல் வழியாகப் பேசியது. ஒரு நாளைக்கு ஒரு சொல். காலை பதினொன்று இருபதுக்கு வரும். வடிவு அரசு ஊழியர் என்பதால் சனி, ஞாயிறுகளில் சொல் வராது.

அழுங்கு இருந்தது ஊமைமலைக் குகையில். ஊமைமலை இருந்தது ஜெபசீலனின் கதையில். ஆறு வருடமாக ஞாயிற்றுக்கிழமை மதியங்களில், கரிசல்குறிச்சி கடைத்தெருவில் தாவூது பாயின் கொசுவலைக் கடை மாடியில், மூன்று பேர் கூடி அந்தக் கதையை ஆடிவந்தார்கள். மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாயாலேயே ஆடும் விளையாட்டு அது. ஜெபசீலன் கதை சொல்வார். மற்ற இருவரும் அதற்குள் ஆளுக்கொரு வேடத்தில் நடந்து போவார்கள். வடிவு கொற்றி என்ற வில்லாளி. தாவூது பாய் முரசு அறைபவர். நினைத்த காரியம் நடந்ததா இல்லையா என்பதை இருபது முகம் கொண்ட பகடை ஒன்று சொல்லும். சந்தேகம் வந்தால் பார்ப்பதற்கு விதிகளை ஒரு நீள நோட்டில் எழுதி வைத்திருந்தார்கள். மூன்று பேர் கையெழுத்தும் அதில் உண்டு. நோட்டில் எழுதிவிட்டால் எழுதினவர்களே ஆனாலும் மீற முடியாது.

அழுங்கு, அதாவது எறும்புதின்னி, கொற்றியின் துணைப்பிராணி. இரண்டாவது வருடம் ஒரு காட்டாற்றங்கரையில் கிடைத்தது. உடம்பெல்லாம் செதில், நீண்ட நாக்கு, பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். கொற்றி எங்கே போனாலும் பின்னாலேயே நடந்து வரும்.

கடைசியாக ஆடிய ஞாயிறன்று ஊமைமலைக் குகையின் கூரை இடியத் தொடங்கியது. கொற்றியிடம் உயிர்ப்புள்ளி மூன்றுதான் மிச்சம். "வெளிய ஓடிருதேன்" என்றாள் வடிவு. ஜெபசீலன், கதை சொல்பவர் முன்னால் நிறுத்தும் சிறு திரைக்கு மேலே எட்டிப் பார்த்து, "அழுங்கு?" என்று கேட்டார்.

"அது பாத்துக்கிடும் சார்."

கொற்றி ஓடினாள். குகை வாசல் மூடிக்கொண்டது. மணி ஆறாகிவிட்டதால் மீதியை அடுத்த வாரம் பார்க்கலாம் என்று எழுந்தார்கள். அந்த வாரமே ஜெபசீலனுக்கு உப்புவிளைக்கு மாறுதல் வந்தது. அவர் அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். பகடையையும் திரையையும் எடுத்துக்கொண்டு போனார். நோட்டு தாவூது பாயிடம் தங்கிவிட்டது. அதற்குப் பிறகு யாரும் யாரையும் கூப்பிடவில்லை. அப்படியே மூன்று மாதம் ஓடிவிட்டது.

பிறகு ஒரு திங்கட்கிழமை முதல் விக்கல் வந்தது.

வடிவு வேலை செய்தது விதைப் பரிசோதனைக் கூடத்தில். ஈரத்தாளில் நூறு விதைகளை வரிசையாக அடுக்கி, எத்தனை முளைத்தன என்று எண்ணிப் பதிவேட்டில் எழுத வேண்டும். அன்று கம்பு விதையை எண்ணிக்கொண்டிருந்தபோது விக்கல் எடுத்தது. கூடவே அவள் வாயிலிருந்து, அவள் குரல் இல்லாத ஒரு குரலில், "நீ" என்று வந்தது.

எதிரே உட்கார்ந்திருந்த அலுவலர் அல்போன்சா மேடம் நிமிர்ந்து பார்த்தார். "என்னையா?"

"இல்ல மேடம். எங்க அழுங்கு."

"தண்ணி குடிங்க" என்றார் மேடம். சுவர்க் காலண்டரில் அன்றைய தேதிக்கான கட்டத்தில் 'நீ' என்று எழுதி வைத்தார். எழுதி வைக்காத எதையும் அவர் நம்புவதில்லை.

செவ்வாயன்று 'போன' என்று வந்தது. புதனன்று 'பிறகு'. வியாழக்கிழமை 'இங்கே'. வெள்ளிக்கிழமை பதினொன்று இருபதுக்குக் கூடத்தில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு வடிவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எனக்கு" என்று வந்தது. அதோடு வாரம் முடிந்துவிட்டது.

நீ போன பிறகு இங்கே எனக்கு.

அந்தச் சனியும் ஞாயிறும் வடிவு பட்ட பாடு கொஞ்சமல்ல. தமிழில் வினைச்சொல் கடைசியில்தான் வரும். அது வரும்வரைக்கும் என்ன வேண்டுமானாலும் ஆகலாம். சோற்றைப் பிசைந்துகொண்டே அவள் அந்த வாக்கியத்தை முடித்துப் பார்த்தாள். இங்கே எனக்கு யாரும் இல்லை. இங்கே எனக்குப் பயமாக இருக்கிறது. இங்கே எனக்கு நீ வேண்டாம். மூன்றுமே சரியாகப் பொருந்தின. அது பாத்துக்கிடும் என்று எவ்வளவு சுலபமாகச் சொன்னோம் என்று நினைத்தபோது தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள். துணிகளை ஊறப்போட்டாள், துவைக்க மறந்துபோனாள்.

திங்களன்று 'ஒரு' என்று வந்தது. செவ்வாயன்று 'குட்டி'. புதனன்று 'பிறந்திருக்கிறது'.

அல்போன்சா மேடம் எல்லோருக்கும் கடலைமிட்டாய் வாங்கிவரச் சொன்னார். "சுகப்பிரசவந்தானே?" என்று கேட்டார். "ஒரு நாளைக்கு ஒரு சொல்லுதான் மேடம், அவ்வளவு விவரமா வராது" என்றாள் வடிவு. சொல்லும்போதே கண்ணில் நீர் முட்டியது. மிட்டாயை வாயில் போட்டுச் சமாளித்துக்கொண்டாள்.

வியாழனன்று 'பெயர்' என்றும் வெள்ளியன்று 'வை' என்றும் வந்தது.

அன்று சாயங்காலமே வடிவு தாவூது பாய் கடைக்குப் போனாள். அவர் ஒரு ஜன்னலுக்குக் கொசுவலை அடிப்பதற்காகச் சட்டத்தை அளந்துகொண்டிருந்தார். வயது ஐம்பதைத் தாண்டியவர், எதையும் இரண்டு தடவை அளப்பவர். விஷயத்தைக் கேட்டதும் நூல்கண்டுகளுக்கு அடியிலிருந்து நீள நோட்டை உருவினார். நூற்றுப்பன்னிரண்டாம் பக்கத்தில் அவர் கையெழுத்திலேயே இரண்டு விதிகள் இருந்தன.

முதலாவது: குகையில் பிறந்த குட்டிக்கு முப்பதாம் நாள் பொழுது சாய்வதற்குள் பெயர் வைக்காவிட்டால், அது அந்தக் குகையின் கல்லாகக் கொள்ளப்படும்.

இரண்டாவது: கண்ணில் படாத துணைப்பிராணியோடு பேச விரும்பும் வீரர், கதை சொல்பவர் பார்த்திருக்கப் பகடை உருட்ட வேண்டும். பன்னிரண்டுக்குக் குறையக் கூடாது. ஒரு குட்டிக்கு ஒரே உருட்டு. ஒரு உருட்டில் ஒரே பெயர்தான் போகும்.

"இத ஏன் இப்பிடி எழுதி வச்சோம்?" என்றாள் வடிவு.

"அன்னைக்கு மழை. கரண்டு வேற இல்ல. சும்மா இருக்கமேன்னு எழுதினது" என்றார் தாவூது பாய். விதியை அடித்துவிடலாமா என்று அவரும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. "மூணு மாசம் பேசாத பிராணி அந்தத் திங்கக்கெழம பேசிருக்குன்னா, அன்னைக்குத்தான் பொறந்திருக்கணும். அப்போ அடுத்த செவ்வாய் விட்டு அதுக்கடுத்த செவ்வாய் தாண்டி... இருங்க." விரல்விட்டு எண்ணினார். மறுபடியும் எண்ணினார். "இன்னையோட பன்னெண்டு நாள் ஆச்சு. பதினெட்டு இருக்கு. ஜெபசீலன் சாரக் கூப்பிடுங்க."

வடிவு கூப்பிட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுநாளும் கூப்பிட்டாள். தாவூது பாய் தன் போனிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தார். இரண்டு வாரம் இப்படியே போயிற்று. அதற்குள் வேலை நாள்தோறும் பதினொன்று இருபதுக்கு ஒரே சொல்தான் வந்தது: 'பெயர்'. அதில் கோபம் இல்லை. கதவைத் தட்டிவிட்டுக் காத்திருப்பவரின் குரலாக இருந்தது. இருபத்தொன்பதாம் நாள் திங்கட்கிழமை மட்டும் 'சீக்கிரம்' என்றது.

வடிவு உடனே தாள் எடுத்து, என் அழுங்கின் குட்டிக்குப் பெயர் வைப்பதற்காக நாளை ஒரு நாள் தற்செயல் விடுப்பு வேண்டும் என்று எழுதி நீட்டினாள்.

அல்போன்சா மேடம் இரண்டு தடவை படித்தார். "லீவு போட்டா நாளைக்கு விக்கல் வருமா?"

வடிவு அதை யோசித்திருக்கவில்லை.

"வராதுல்ல? அது என்ன சொல்லுதுன்னு தெரியாம அங்க போயி என்ன செய்வீங்க?" மேடம் விடுப்பு என்ற சொல்லை அடித்துவிட்டு மேலே 'அயற்பணி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "ஓ.டி.ல போங்க, ட்யூட்டியில இருக்கிற கணக்கு. அப்போதான் வரும்."

மறுநாள் காலை வடிவும் தாவூது பாயும் நோட்டை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு உப்புவிளை பஸ் ஏறினார்கள். பதினொன்று இருபது ஆனபோது பஸ் ஒரு பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தது. வடிவு வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். எதுவும் வரவில்லை. பதினொன்றரை ஆயிற்று. பன்னிரண்டும் ஆயிற்று.

"கல்லாயிருக்குமோ பாய்?"

"பொழுது சாயலையே. ஓ.டி.ல எல்லாமே கொஞ்சம் லேட்டாத்தான் வரும்" என்றார் தாவூது பாய். ஆனால் அவரும் கடிகாரத்தைப் பார்த்தபடியே வந்தார்.

உப்புவிளையில் வெயில் உப்பளங்களில் பட்டு இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. மருத்துவமனைக்குப் பின்னால் இருந்த குடியிருப்பில் ஜெபசீலன் தனியாக இருந்தார். கதவைத் திறந்தவர் லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு இருவரையும் பார்த்தார். ஆள் இளைத்திருந்தார். உள்ளே வரச் சொன்னார். ஒரு தட்டில் மிக்சரைக் கொட்டி மேசைமேல் வைத்தார். ஆனால் உட்காரவில்லை. விக்கலையும் குட்டியையும் விதியையும் தாவூது பாய் சொல்லச் சொல்ல நின்றபடியே கேட்டுக்கொண்டார்.

"போன் எடுக்கலையே சார்" என்றார் தாவூது பாய்.

"பாத்தேன். எடுக்கல." ஜெபசீலன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நாலு மாசம் ஆச்சு பாய். இங்க வந்த புதுசுல ஞாயித்துக்கெழம ரெண்டு மணியானா தன்னால சட்டையப் போட்டுருவேன். போட்டுட்டு உக்காந்திருப்பேன். யாராவது கூப்பிடுவியன்னு நெனச்சேன். கடைசியில வேல ஆகணும்னதும் கூப்பிடுதியோ."

"நீங்களும் கூப்பிடலாம்ல சார்?" என்றார் தாவூது பாய் மெதுவாக.

"நான் போனவன். இருக்கறவங்கதான் கேக்கணும், போன எடம் எப்பிடின்னு."

தாவூது பாய் கையிலிருந்த பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். வடிவு மேசையைப் பார்த்தபடியே பேசினாள்.

"சார் சொல்லுதது சரிதான். எங்க அழுங்கு அங்கயே இருந்துச்சு. நான்தான் விட்டுட்டுப் போனேன். இருந்த அதுதான் கூப்பிட்டுச்சு. அன்னைக்கு நீங்க கேட்டப்ப, அது பாத்துக்கிடும்னு சொன்னேன்ல? உங்க விஷயத்துலயும் அப்பிடித்தான் நெனச்சிட்டேன். சாருக்கென்ன, எங்க போனாலும் பொழச்சுக்கிடுவாருன்னு."

ஜெபசீலன் ஜன்னலை விட்டுத் திரும்பினார். பிறகு உள்ளே போனார். பரணில் எதையோ நகர்த்தும் சத்தம் கேட்டது. தூசி படிந்த அட்டைத் திரையோடும் பகடையோடும் திரும்பி வந்தார். அந்தத் திரை, அட்டைச் சட்டத்தில் கழித்துப்போட்ட எக்ஸ்ரே படங்களை ஒட்டிச் செய்தது. விலா எலும்புகள் ஊடாக அவர் முகம் தெரியும். திரையை மேசைமேல் நிறுத்தி, அதன் பின்னால் உட்கார்ந்தார்.

"எத்தனாவது நாள்?"

"முப்பது. பொழுது சாயதுக்குள்ள."

"மூணு இருபது" என்று கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னார். "குட்டிக்கு என்ன பேரு முடிவு பண்ணிருக்கிய?"

வடிவு இரண்டு வாரமாக அதையேதான் யோசித்திருந்தாள். "தினை" என்றாள். பதிவேட்டில் அவள் எழுதியவற்றிலேயே சிறிய விதை அதுதான். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு முளைத்தது.

"நல்ல பேரு" என்றார் ஜெபசீலன். பகடையை நீட்டப் போனவர் கையைப் பாதியில் நிறுத்தினார். "தாய்க்கு என்ன பேரு?"

வடிவு தாவூது பாயைப் பார்த்தாள். தாவூது பாய் நோட்டைப் பார்த்தார். நான்கு வருடமாக அதை எல்லோரும் அழுங்கு என்றே கூப்பிட்டு வந்திருந்தார்கள்.

"ஒம்பதாம் பக்கம் எடுங்க பாய்."

ஒன்பதாம் பக்கத்து விதி ஜெபசீலன் எழுதியது: பெயரில்லாத பிராணி தானாக ஒரு வாசலைக் கடக்க முடியாது, யாராவது தூக்கிக்கொண்டு போனால் உண்டு.

அந்தக் குகைக்குள் போகும்போது கொற்றி அதைத் தோளில் தூக்கிக்கொண்டுதான் போனாள். திரும்பும்போது தனியாக ஓடினாள். அழுங்கு வாசல்வரை வந்திருக்கும். வாசலில் நின்றிருக்கும்.

வடிவு முகத்தைப் பொத்திக்கொண்டாள். குட்டிக்குப் பெயர் அனுப்பினால் குட்டி மட்டும் வெளியே வரும். தாய்க்கு அனுப்பினால் பொழுது சாயும்போது குட்டி கல்லாகிவிடும். போகப்போவதோ ஒரே பெயர். வெளியே உப்பு லாரி ஒன்று நின்று கிளம்பியது.

"சார், உங்க முழுப்பேரு என்ன?" என்றார் தாவூது பாய் திடீரென்று.

"என்ன பாய் இப்போ? த. ஜெபசீலன்."

"இது எத்தன பேரு?"

"ஒரு பேரு."

"அந்த 'த' யாரு?"

"எங்க அப்பா. தங்கையா."

தாவூது பாய் நோட்டை மூடி மேசைமேல் வைத்தார். "தாய் இனிஷியலும் போடலாம்ல?"

ஜெபசீலன் நோட்டை இழுத்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை புரட்டினார். கால்மணி நேரம் ஆயிற்று. "இனிஷியல் கூடாதுன்னு எங்கயும் எழுதல" என்றார். "இனிஷியலோட சேந்தது ஒரு பேருதான். ஆனா வாசல் விரிவு கேக்கும். 'இன்ன எழுத்துன்னா என்ன'ன்னு. அத நீங்க சொல்ல முடியாது, ஒரு பேருக்கு மேல போகாது. அழுங்கேதான் சொல்லணும்."

"அதுக்கு என்ன பேரு வேணும்னு அதுவே சொல்லட்டும்" என்றாள் வடிவு. "எழுத்து மட்டும் நான் குடுக்கேன்."

"என்ன எழுத்து?"

எந்த எழுத்தைக் கொடுத்தால் அதற்கு நல்ல பெயர் அமையும் என்று அவளுக்குத் தெரியவில்லை. எதிரே மிக்சர் தட்டு இருந்தது.

"மி" என்றாள்.

ஜெபசீலன் பகடையை அவள் உள்ளங்கையில் வைத்தார். வடிவு குலுக்கி உருட்டினாள். பகடை மேசையில் நிற்கவில்லை. விளிம்பில் ஒரு நொடி தயங்கி, கீழே விழுந்து, தரையில் ஓடி பீரோவுக்கு அடியில் போய்விட்டது.

"தொடாதிய" என்றார் ஜெபசீலன். "நின்ன எடந்தான் கணக்கு."

மூன்று பேரும் தரையில் குப்புறப் படுத்தார்கள். சிமெண்ட் தரை குளிர்ச்சியாக இருந்தது. ஒரு பக்கம் தாவூது பாயின் தாடி, ஒரு பக்கம் ஜெபசீலனின் மூக்கு, நடுவில் வடிவின் கன்னம். தாவூது பாய் போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தார். தூசிக்கு நடுவே பகடை தெரிந்தது.

"மூச்ச இழுத்துப் பிடிங்க" என்றார் ஜெபசீலன், பழக்க தோஷத்தில். இருவரும் பிடித்துக்கொண்டார்கள். அவர் இன்னும் கொஞ்சம் உள்ளே தலையை நுழைத்தார். "பதினாலு." பிறகு, "விடலாம்" என்றார்.

யாரும் உடனே எழுந்திருக்கவில்லை. தாவூது பாய்க்கு முதலில் சிரிப்பு வந்தது. அவர் வயிறு குலுங்கியதில் மற்ற இருவருக்கும் தொற்றிக்கொண்டது. ஜெபசீலன் தரையில் கிடந்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எழுந்து உட்கார்ந்து அவர் கதையைத் தொடர்ந்தார். குரல் பழையபடி ஆகியிருந்தது. "கொற்றி மலையடிவாரத்துல நின்னு கூப்பிடுதா. சத்தம் பாறைக்குள்ள போகுது. உள்ள வாசல் கேக்குது, யாரு? குட்டி சொல்லுது, மி. தினை. வாசல் கேக்குது, மி-ன்னா என்ன?"

அத்தோடு நிறுத்தினார். அதற்குமேல் அவருக்கும் தெரியாது.

மணி மூன்று ஐம்பத்தைந்து. ஜன்னல் வெயில் தரையில் ஒரு கட்டம் நகர்ந்தது. தாவூது பாய் மிக்சரில் கடலையை மட்டும் பொறுக்கி ஒரு ஓரமாகச் சேர்த்துக்கொண்டிருந்தார். நான்கு பத்துக்கு வடிவுக்கு விக்கல் எடுத்தது.

"மின்னல்."

அழுங்கு ஒரு முழம் நடப்பதற்குள் கொற்றி ஒரு அம்பைச் செதுக்கி முடித்துவிடுவாள். அதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.

"வாசல் திறக்குது" என்றார் ஜெபசீலன். "மொதல்ல மின்னல் வருது. வால் மேல தினை உக்காந்திருக்கு. ரெண்டும் நடந்துதான் வருது, யாரும் தூக்கல. வெளிச்சம் பட்டதும் தினை சுருண்டு பந்தாயிருது. மின்னல் நின்னு அது விரியறவரைக்கும் காத்திருக்குது." திரைக்கு மேலே எட்டிப் பார்த்து, "கொற்றி என்ன செய்யதா?" என்று கேட்டார்.

"அவளும் காத்திருக்கா" என்றாள் வடிவு.

மணி ஐந்து ஆகியிருந்தது. மீதியை மாதத்தில் இரண்டாவது ஞாயிறு கரிசல்குறிச்சியிலும் நான்காவது ஞாயிறு உப்புவிளையிலும் ஆடுவது என்று முடிவாயிற்று. அதை நோட்டில் விதியாக எழுதி மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். ஜெபசீலன் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை வந்தார். பஸ் கிளம்பிய பிறகும் கூடவே நாலு எட்டு நடந்து வந்தார்.

ஊரைத் தாண்டி ரயில்வே கேட்டில் பஸ் நின்றது. கேட் சாத்தியிருந்தது. இன்று செவ்வாய்தான்; தண்டவாளத்தில் நாளை மறுநாள் வியாழக்கிழமை போய்க்கொண்டிருந்தது. நீளமான வியாழன், பதினேழு பதினெட்டுப் பெட்டி இருக்கும், மெதுவாகத்தான் போயிற்று. கேட்காரர் பச்சைக் கொடியைப் பிடித்தபடி நின்றார்.

"புதன் போயிருச்சா?" என்று கண்டக்டர் கீழே இறங்கிக் கேட்டார்.

"அது மதியமே போயிருச்சு. இதுக்குப் பின்னாலயே வெள்ளி வருதாம். திறக்க நேரமாகும்."

டிரைவர் இன்ஜினை அணைத்தார். நாலைந்து பேர் இறங்கி வெள்ளரிப்பிஞ்சு வாங்கப் போனார்கள். தாவூது பாய் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டார். வடிவு ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பதாவது பெட்டியின் ஜன்னல் ஒன்றில் அவளே இருந்தாள். நீலச் சேலை கட்டிக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, எதற்கோ வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். எதிரே யார் இருந்தார்கள் என்று தெரிவதற்குள் பெட்டி நகர்ந்துவிட்டது.

நாளைக்கே நீலச் சேலையை இஸ்திரிக்குப் போட்டுவிட வேண்டும் என்று வடிவு நினைத்துக்கொண்டாள்.